செவிப்புலன் குன்றிய குழந்தையும் பெற்றோர் மனநிலையும்

கல்லூரி விழா மலர் என்றால் சமயமும் இலக்கியமும் பழைய அதிபர்களைப் பற்றிய நினைவுகளும் அதில் நிறைந்திருத்தல் மரபு. அம்மரபில் நமக்கும் விருப்பு உண்டு. ஆயினும் இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர். சிலர் பேரப்பிள்ளைகளைக் கண்டவர். ஆசிரியராயும் வைத்தியராயும் கடமையாற்றுவோர் இன்னும் பலர். அவர்களுள் யாரேனும் ஒருவரின் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, அயலிலோ காது கேளாத பிள்ளை ஒன்று வளர்ந்துகொண்டிருத்தல் கூடும். அப்பிள்ளை எவ்வளவு கேட்கின்றது என்பதைப் பொறுத்து அதன் எதிர்காலம் அமையும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அக்குறையைத் தாய்தந்தையர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதும் அதற்கு ஈடான, சில வேளைகளில் அதனினும் பெரிய, காரணம் என்பதை ஈண்டு விளக்க முயல்வோம்.

முதலிற் சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம்மவர் இப்பிள்ளைகளை 'ஊமை' என்று அழைத்துப் பழகிவிட்டனர். அச்சொல் அன்பற்றது என்பது ஒருபுறமிருக்க, உண்மைக்கும் மாறானது. இவர்களுட் பெரும்பாலோரின் நாவிலும் தொண்டையிலும் குற்றம் யாதுமில்லை. தமிழ் கேட்ட பிள்ளை தமிழ் பேசுகின்றது. சிங்களம் கேட்ட பிள்ளை சிங்களம் பேசுகின்றது. யாதொரு மொழியும் செவி வழியே சென்று சேராத பிள்ளை யாதொரு மொழியையும் பேசாதிருக்கின்றது. இந்த எளிய தொடர்பை உணராமையாலேயே நாவிலே தேன் தடவுவாரும், நாவின் அடியிலுள்ள சவ்வை அறுக்கச் சொல்வாரும், காதுக்குள் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவாரும் இன்றும் நம்மிடையே உளர். எண்ணெய் ஊற்றுதல் பயனற்றது மட்டுமன்று. செவிப்பறை பழுதுற்ற காதுக்குப் பெருங்கேடும் ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிகிச்சையோ பயிற்சியோ வேண்டும் அளவிற்குக் கேட்டற் குறைவு உடையோர் உலகிலே ஏறக்குறைய 43 கோடிப் பேர். அவர்களுள் 3 கோடியே 40 இலட்சம் பேர் பிள்ளைகள். பிள்ளைகளிடத்துக் காணப்படும் கேட்டற் குறைவில் ஏறக்குறைய 60 வீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. நம் பொருளுக்கு இவற்றினும் முக்கியமான கணக்கு வேறொன்று உண்டு. காது கேளாத பிள்ளைகளுட் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அப்பெற்றோருட் பலர் அதற்குமுன் காது கேளாதவர் ஒருவரோடு ஒரு நாளேனும் பழகியிரார். தாம் அறியாத ஓர் உலகத்தினுள் தம் பிள்ளை பிறந்துவிட்டதாக அவர்கள் திகைக்கின்றனர். அத்திகைப்பிலிருந்தே அவர்களின் மனநிலை உருவாகின்றது.

குறையைக் கண்டறிதலிலேயே பெற்றோர் மனநிலை தன் வேலையைத் தொடங்கிவிடுகின்றது. காது கேளாத குழந்தையும் முதற் சில மாதங்களிலே ஏனைய குழந்தைகளைப் போலவே சிரிக்கும், கூவும், குரலெழுப்பும். கதவு அடைபடும்போது தரை அதிர்ந்தால் அவ்வதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்க்கும். தாயின் நிழல் அசைந்தால் கண் அசையும். மக்கட்பேற்றைச் சிறப்பித்த வள்ளுவர் மழலையின் இனிமையைத் தனியே எடுத்துப் போற்றியிருக்கின்றார். ஆறேழு மாதத்துக்குமேல் வரவேண்டிய அம்மழலைதான் இக்குழந்தையிடத்து வரத் தாமதிக்கின்றது. பெரும்பாலும் தாயே முதலில் ஐயுறுவாள். அவ்வையத்தை அடக்குவதற்கு ஒரு வீட்டிலே ஆட்களுக்குக் குறைவில்லை. "தகப்பனும் நாலு வயதிலேதானே வாய் திறந்தவன்" என்று அப்பாச்சி சொல்லுவார். "பெடியன்கள் பிந்தித்தான் பேசுவார்கள்" என்று பெரியம்மா சொல்லுவார். இவை ஆறுதல் சொற்கள். தீய நோக்கம் யாதுமில்லாதவை. ஆனால் இவற்றால் ஓர் ஆண்டு கழிகின்றது. சில வீடுகளில் மூன்று ஆண்டுகள் கழிகின்றன.

அவ்வாண்டுகளின் விலை யாது? கிறிஸ்ரின் யோஷினாகா இற்றானோ என்னும் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 1998 இல் முடிபொன்றை வெளியிட்டார். ஆறு மாதம் நிறையுமுன் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற பிள்ளைகள், அதற்குப் பின்னர் கண்டறியப்பட்டவர்களிலும் மொழியில் தெளிவாக முன்னின்றனர். இது குறைவு சிறிதாயினும் பெரிதாயினும் பொருந்திற்று. மூளை மொழியை வரவேற்கும் காலம் வாழ்வின் முதல் ஆண்டுகளே என்பது இதன் உட்பொருள். ஆறு மாதக் குழந்தையின் காதை எங்ஙனம் சோதிப்பது என்று வாசகர் வினவலாம். டேவிட் கெம்ப் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, நலமுள்ள உட்செவி தான் ஏற்ற ஒலிக்கு மறுமொழியாக மிக மெல்லிய எதிரொலி ஒன்றைத் தானே வெளியிடுகின்றது என்பதை 1978 இல் அறிவித்தார். அவ்வெதிரொலியை அளக்கும் சிறு கருவியைத் தூங்கும் குழந்தையின் காதில் வைத்தால் சில நிமிடங்களிற் சோதனை முடியும். பிள்ளை கையுயர்த்தவும் வேண்டா, விழித்திருக்கவும் வேண்டா. முதுகுப்புறம் நின்று கைதட்டிப் பார்த்து "கேட்கிறது" என்று முடிவு கட்டும் பழைய வழக்கத்தை இனிக் கைவிடலாம்; கைதட்டும்போது எழும் காற்றசைவே பிள்ளையைத் திரும்பச் செய்துவிடும்.

குறை உறுதியான பின்னர் வீட்டிலே எழும் முதற் கேள்வி, "இது யாராலே வந்தது?" என்பதாகும். அதற்கு நம் சமூகம் பெரும்பாலும் தாயையே சுட்டும். கர்ப்ப காலத்தில் எதை உண்டாள், கிரகணத்தன்று வெளியே போனாளா, அவள் வழியில் யாருக்கு இப்படி இருந்தது என்றெல்லாம் விசாரணை நடைபெறும். விஞ்ஞானம் இது பற்றிக் கூறுவதை ஒவ்வொரு தகப்பனும் அறிந்திருத்தல் வேண்டும். 1941 இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஜேர்மன் சின்னமுத்து கண்ட தாய்மாருக்குக் கண்ணிற் படலத்துடன் குழந்தைகள் பிறப்பதைக் கவனித்தார். அந்நோய் குழந்தையின் செவியையும் தாக்கும் என்பது அடுத்த சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. தாய்க்குச் சிறு காய்ச்சலும் நாலு பொட்டுமாய் வந்து போகும் நோய் அது. அவள் அதை அறியாமலே இருந்திருக்கக் கூடும். இந்நோய்க்கான தடுப்பூசி இலங்கையில் 1996 இல் வழக்குக்கு வந்தது. நம் நாட்டிலிருந்து அந்நோய் ஒழிக்கப்பட்டதாக 2020 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசி போடாதிருக்க இது காரணமாகாது என்பதையும் உடன் சொல்லிவைக்கின்றோம்.

பரம்பரையால் வரும் குறையோ இன்னும் தெளிவானது. பிறவிக் கேளாமைக்கு ஏதுவாகும் பரம்பரை அலகு ஒன்றை 1997 இல் விஞ்ஞானிகள் இனங்கண்டனர். நன்றாகக் காது கேட்கும் தாயும் நன்றாகக் காது கேட்கும் தந்தையும், தாம் அறியாமலே அவ்வலகின் பழுதுற்ற படியை ஒவ்வொன்றாகத் தாங்கி நிற்பர். இரு படிகளும் ஒரு குழந்தையிடம் சேர்ந்தாலன்றிக் குறை தோன்றாது. சேர்வதற்கான வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒன்று. தாய் ஒருத்தி தனித்து இக்குறையைப் பிள்ளைக்குக் கொடுத்தல் இங்கு இயலாத காரியம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணமுடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இருவரும் ஒரே படியைத் தாங்கி நிற்கும் வாய்ப்பு மிகுதி என்பதும் கூறத்தக்கது. பழியைப் பகுக்க வேண்டுமாயின் சரிபாதியாய்ப் பகுக்கலாம். பகுத்து முடிந்தபின் பிள்ளைக்கு அதனால் ஒரு சொல் தானும் கூடப்போவதில்லை.

வினைப்பயன் என்பாரும் உளர். சைவச் சூழலில் வளர்ந்த நமக்கு அச்சொல் புதிதன்று. அதனை எள்ளி நகையாடவும் நாம் வரவில்லை. கோயிலுக்கு நேர்த்தி வைத்தலால் தாயின் உள்ளம் ஆறுமாயின் அதுவும் நன்றே. ஆனால் "தலையெழுத்து" என்று கூறிவிட்டுப் பிள்ளையைத் திண்ணையில் இருத்திவைத்தல் சமயமாகாது. வயிற்றுவலியையும் பயிர் நோயையும் வினை என்று விட்டுவிடாத நாம், செவியை மட்டும் வினையிடம் ஒப்படைப்பது முறையன்று.

பெற்றோர் ஈடுபாடு என்பது அளந்து காட்டக்கூடிய பொருளா என்ற ஐயம் நியாயமானது. அதனை அளந்து காட்டியவர் மேரி பற் மொல்லர். அமெரிக்காவின் நெபிறாஸ்கா மாநிலத்தில் காது கேளாமையும் கேட்டற் குறைவும் உடைய 112 பிள்ளைகளை ஐந்து வயதிலே சோதித்து, 2000 ஆம் ஆண்டில் அவர் தம் முடிபை வெளியிட்டார. பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பயிற்சியளித்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்தின் ஈடுபாட்டையும் ஐந்து படிகளில் மதிப்பிட்டனர். பிள்ளையின் மொழி வளத்தை விளக்கிய காரணங்கள் இரண்டாகவே நின்றன: பயிற்சி தொடங்கிய வயது ஒன்று, குடும்பத்தின் ஈடுபாடு மற்றொன்று. இவ்விரண்டனுள்ளும் குடும்பத்தின் ஈடுபாடே வலிமை மிக்கதாயிற்று. கேட்டற் குறைவின் அளவு அவ்வாறு நிற்கவில்லை. அதாவது, பெரிதும் கேளாத ஒரு பிள்ளை அக்கறையுள்ள வீட்டிலே வளர்ந்து, ஓரளவு கேட்கும் மற்றொரு பிள்ளையை விஞ்சுதல் கூடும். நாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு இவ்வொரு முடிபே போதிய காரணமாகும்.

ஆராய்ச்சி வருமுன்னரே இதனைத் தம் வாழ்விற் கண்ட தாயொருத்தியின் வரலாறு உண்டு. திரைப்பட நடிகர் ஸ்பென்சர் றேசியின் மனைவி லூயிஸ் றேசி தம் மகன் ஜோன் கைக்குழந்தையாயிருந்தபோது, கதவு பெருஞ்சத்தத்துடன் அடைபட்டும் அவன் விழியாது உறங்குதலைக் கண்டார். ஜோன் பிறந்தது 1924 இல். அக்காலத்து வைத்தியர்களால் அவருக்குத் தரக்கூடியதாக எதுவும் இருக்கவில்லை. லூயிஸ் மகனுடன் பேசுதலை நிறுத்தவில்லை; தம் முகத்தை அவன் பார்க்குமாறு அமர்ந்து, ஒரு சொல்லை நூறு முறை, ஆயிரம் முறை சொல்லிச் சொல்லி வளர்த்தார். 1942 இல், பிற பெற்றோருக்கும் வழிகாட்டும் பொருட்டு, தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சிறு குடிலிலே நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தொலைவிலுள்ள பெற்றோருக்குத் தபால் மூலம் பாடங்கள் அனுப்பும் முறை மறு ஆண்டிலே ஆரம்பமாயிற்று. அதற்குக் கட்டணம் இல்லை. அந்நிலையத்திற் பாடம் கேட்போர் பெற்றோர். பிள்ளைக்கு முதல் ஆசிரியர் தாயும் தந்தையுமே என்பது அதன் அடிப்படை. ஜோன் பின்னர் வோல்ட் டிஸ்னி நிறுவனத்தில் ஓவியராகப் பணிபுரிந்தார். சென்னையில் 1969 இல் தோன்றிய பால வித்யாலயா என்னும் பாடசாலையும் இதே கொள்கையைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்றவாறு நடத்தி வருகின்றது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுடன் தாய்மாரும் வகுப்புக்கு வந்து கற்கின்றனர்.

இனி அன்றாட வீட்டு வாழ்வை நோக்குவோம். கேளாமை உறுதியானவுடன் வீட்டிலே பேச்சு மெல்லக் குறைகின்றது. "கேட்காத பிள்ளையோடு என்ன பேசுவது?" என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். சோறு ஊட்டும்போதும், குளிப்பாட்டும்போதும், கிணற்றடியிலும் அடுப்படியிலும் ஏனைய பிள்ளைகள்மேற் பொழியும் நூற்றுக்கணக்கான சொற்கள் இப்பிள்ளைக்குப் பொழிவதில்லை. எஞ்சியிருக்கும் சிறிதளவு கேள்விக்கும், உதட்டைப் பார்த்து அறியும் கண்ணுக்கும் தீனி அற்றுப்போகின்றது. இரவுச் சாப்பாட்டின்போது வீட்டார் எல்லோரும் சிரிக்கின்றனர். பிள்ளை அண்ணனின் சட்டையை இழுத்து ஏன் சிரிக்கின்றீர்கள் என்று முகத்தாற் கேட்கின்றது. "பிறகு சொல்லுறன்" என்று அண்ணன் கையசைக்கின்றான். அந்தப் 'பிறகு' வருவதில்லை. மாமா ஏன் கோபித்துப் போனார், பக்கத்து வீட்டில் ஏன் பந்தல் போடுகின்றனர், அம்மம்மா ஏன் அழுகின்றார் என்பவற்றையெல்லாம் ஏனைய பிள்ளைகள் யாரும் கற்பிக்காமலே காதிற் பட்டு அறிந்துகொள்கின்றனர். இப்பிள்ளைக்கு உலகம் காரணமற்ற நிகழ்ச்சிகளின் தொகுதியாகத் தோன்றுகின்றது. பின்னர் அது அடம்பிடித்தால் "செவிட்டுக் கோபம்" என்று பெயரிடுகின்றனர்.

இரக்கமும் ஒருவகைத் தீங்கே. கடைக்குப் போகவிடாமல், துலாக்கொடி தொடவிடாமல், தம்பிக்கு விழும் அடி இவனுக்கு விழாமல், யாராவது பெயர் கேட்டால் தாயே முந்தி விடை சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, பன்னிரண்டு வயதிலும் தன் தேவையைப் பிறருக்குத் தெரிவிக்கக் கல்லாததாய் நிற்கும். உடன்பிறந்தோர் மனத்திலே அது பொறாமையையும் வளர்க்கும். தவறு செய்தால் அது தவறு என்று உணர்த்தப்படவேண்டும். உணர்த்துதற்கு மொழி இல்லாமையாற் சில தகப்பன்மார் ஒன்றில் அடிக்கின்றனர், அன்றேல் விட்டுவிடுகின்றனர். இரண்டும் ஒன்றே.

வெட்கம் என்பது நம் சமூகத்துக்கே உரிய கூர்மையுடன் வேலைசெய்கின்றது. கேட்டற் கருவியைப் பெண்பிள்ளையின் தலைமயிரால் மறைத்தலையும், விருந்தினர் வரும்போது கழற்றி அலுமாரியில் வைத்தலையும், "நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி பேச வேண்டாமா?" என்னும் நியாயத்தையும் அறியாதார் யார்? கருவி நாள்தோறும் விழித்திருக்கும் நேரமெல்லாம் அணியப்பட்டாலன்றிப் பயன் தராது. குழந்தையின் காது வளர வளரச் செவியச்சையும் மாற்றவேண்டும், மின்கலத்தையும் கவனிக்கவேண்டும். அலுமாரிக்குள் இருக்கும் கருவியிடமிருந்து பிள்ளை கற்கும் பாடம் ஒன்றே: தான் மறைக்கப்படவேண்டியவன். உட்செவியில் மின்வாய் பொருத்தும் சத்திரசிகிச்சை இக்காலத்திற் பரவி வருகின்றது. அதுபற்றியும் இதே கூற்றுப் பொருந்தும். சத்திரசிகிச்சை முடிந்ததும் பிள்ளை பேசிவிடும் என எதிர்பார்த்து ஏமாறும் பெற்றோர் பலர். கருவி இயங்கத் தொடங்கும் நாளே பயிற்சியின் முதல் நாள் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

சைகை மொழி பற்றிய அச்சம் தனியே ஆராயத்தக்கது. சைகை பழகினால் பேச்சு வராது என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1880 இல் இத்தாலியின் மிலான் நகரிலே கூடிய ஆசிரியர் மாநாடு, பாடசாலைகளிற் சைகையை விலக்கிப் பேச்சொன்றையே கையாள வேண்டும் எனத் தீர்மானித்தது. அங்கு வந்திருந்த 164 பேராளருட் காது கேளாதவர் ஒருவரே. அத்தீர்மானத்தின் நிழல் நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் விழுந்தது. 2010 இல் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடிய அதே மாநாட்டு வரிசையினர் மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தனர். இடைக்காலத்தில், 1968 இல், கதறின் மெடோ என்பார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டிருந்தார். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து தொட்டிலிலிருந்தே சைகை கண்டு வளர்ந்த பிள்ளைகள், காது கேட்கும் பெற்றோரின் காது கேளாத பிள்ளைகளிலும் கல்வியில் முன்னின்றனர்; பேச்சிலும் உதட்டசைவை அறிதலிலும் அவர்கள் பின்தங்கவுமில்லை. அப்பெற்றோர் தம் பிள்ளையின் கேளாமையைக் கண்டு திகைத்தவரல்லர் என்பது ஒரு காரணம். முதல் நாள் தொட்டு வீட்டில் ஒரு மொழி இருந்தது என்பது மற்றொன்று. பேச்சையே பயிற்றவேண்டும் என்போருக்கும் சைகையே இயற்கை என்போருக்கும் இடையிலான வழக்கு இன்னும் முற்றாக ஓயவில்லை. நம் துணிபைக் கேட்பின், மொழி ஏதாயினும் ஆகுக, காலந்தாழ்த்தாது முழுமையாகக் கொடுக்கப்படவேண்டும் என்போம்.

மொழி கொடுக்கப்படாத பிள்ளையும் வாளாவிருப்பதில்லை என்பது வியப்புக்குரியது. சூசன் கோல்டின் மெடோ என்னும் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவிலும் தாய்வானிலும் சைகை மொழி கல்லாத பிள்ளைகளைக் கவனித்தார். அவர்கள் தாமே சைகைகளைப் புனைந்து, அவற்றைத் தொடராக அடுக்கி, முன்பின் ஒழுங்கையும் வகுத்துக்கொண்டனர். இரு நாட்டுப் பிள்ளைகளின் சைகைகளும் அவரவர் தாய்மாரின் சைகைகளைக் காட்டிலும் ஒன்றையொன்று ஒத்திருந்தன என 1998 இல் அவர் எழுதினார். தாய் காட்டும் சைகை ஒற்றைச் சொல்லாய் நிற்க, பிள்ளையின் சைகை வாக்கியமாய் விரிகின்றது. நம் ஊர்களிலும் இத்தகைய வீட்டுச் சைகைகள் வழங்குகின்றன; அவற்றைக் குரங்குச் சேட்டை என்று தடுப்பவர்கள் தம் பிள்ளை ஆக்கிய இலக்கணத்தை அழிக்கின்றனர்.

இலங்கையிலே இப்பிள்ளைகளுக்கான கல்வி 1912 இல், மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலையுடன் ஆரம்பமாயிற்று. இரத்மலானையில் உள்ள பாடசாலை அதுவே. வடக்கிலே தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இற் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. விடுதியில் தங்கிக் கற்கும் பிள்ளை அங்கே தோழரோடு சைகையால் ஓயாது உரையாடுகின்றது, கதை சொல்லுகின்றது, சண்டை பிடிக்கின்றது. விடுமுறைக்கு வீடு வந்தால் அதன் கையைப் படிக்க வீட்டில் ஒருவருமில்லை. தன் வீட்டிலேயே விருந்தினனாக இருந்து, பாடசாலை திறக்கும் நாளை எண்ணுகின்றது. பெற்றோர் இதனைப் பாசமின்மை என்று எண்ணி வருந்துவர். தாயும் தந்தையும் இருநூறு சைகைகளையேனும் கற்பார்களாயின் நிலைமை வேறாகும். அண்ணன் தங்கைகள் கற்பது இன்னும் எளிது. அவர்கள் விளையாட்டாகவே கற்றுவிடுகின்றனர்.

தந்தை ஒருவரின் மனநிலை ஒரு நாட்டையே அசைத்ததும் உண்டு. அமெரிக்காவின் ஹாட்போட் நகரத்துச் சத்திரவைத்தியர் மேசன் கொக்ஸ்வெல் என்பவரின் மகள் அலிஸ், இரண்டு வயதளவிற் காய்ச்சலாற் கேட்கும் ஆற்றலை இழந்தாள். அயலவரான தோமஸ் கலடெற் அவளுடன் பழகிச் சில சொற்களைக் கற்பித்ததைக் கண்ட கொக்ஸ்வெல், நண்பரிடம் பணம் திரட்டி அவரை 1815 இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கலடெற் மறு ஆண்டு, பாரிஸ் பாடசாலையின் காது கேளாத ஆசிரியர் லோறன் கிளார்க்கை உடன் அழைத்து வந்தார். 1817 ஏப்ரில் 15 ஆந் திகதி ஹாட்போட்டிலே பாடசாலை திறந்தபோது முதல் மாணவருள் அலிஸும் ஒருத்தி.

அவ்வரலாற்றில் நம் மனத்திற் பதிவது கிளார்க்கின் வருகையே. காது கேளாதவர் ஒருவர், கற்றவராய், ஆசிரியராய், கௌரவமுடையவராய் அந்நகரத்துப் பெற்றோர் கண்முன்னே நடந்து திரிந்தார். நம் பெற்றோருக்குக் கிட்டாதது அக்காட்சியே. பிள்ளையின் குறை உறுதியானவுடன் அவர்கள் வைத்தியரைக் காண்கின்றனர், சாத்திரியாரைக் காண்கின்றனர். வளர்ந்து தொழில் செய்யும் காது கேளாதவர் ஒருவரைக் காண்பதில்லை. தையற் கடையிலும் தச்சுப்பட்டறையிலும் அச்சகத்திலும் அலுவலகத்திலும் அத்தகையோர் இருக்கின்றனர். அத்தகைய ஒருவரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தால், தாய்தந்தையர் காது பற்றியோ கருவி பற்றியோ கேட்கமாட்டார்கள். நீர் எப்படி உழைக்கின்றீர், சம்பளம் போதுமா, கலியாணம் செய்தீரா, உம்முடைய பிள்ளைகள் காது கேட்கின்றனவா, இராத்திரியிற் குழந்தை அழுதால் எப்படி அறிவீர் என்றுதான் கேட்பார்கள். அவர் ஒரு காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் விடை எழுதிக் கொடுப்பார்.